அந்த வீடியோவில் ஏன் எதுவுமே நடப்பதில்லை?

அலுவலக வேலையாக லண்டன் போய்வந்த நண்பர் ஒருவர், அங்கே செயின்ட் பால் பேராலயத்துக்குள் போன கதையைச் சொன்னார். உள்ளே ஓரிடத்தில் நான்கு டிவி திரைகள், படுக்கைவாட்டில் இல்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ஒன்றில் மண்ணுக்குள் புதைந்த ஒருவர், ஒன்றில் கயிற்றில் கட்டுண்டு தொங்கும் பெண், ஒன்றில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஓர் ஆள், இன்னொன்றில் தரையில் சுருண்டு கிடக்கும் ஒருவர். "ஒரு நிமிஷம் நின்னு பார்த்தேன். யாருமே அசையல. ஹேங் ஆயிடுச்சு போலன்னு வந்துட்டேன்" என்றார்.

ஹேங் ஆகவில்லை. அது பில் வயோலா என்ற அமெரிக்கக் கலைஞரின் 'தியாகிகள்' என்ற படைப்பு, 2014இல் அங்கே நிறுவப்பட்டது. மொத்தம் ஏழு நிமிடம் போல ஓடும். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் மண் கீழிருந்து மேலே எழுவதையும், சூறைக்காற்று கிளம்புவதையும், நாற்காலிக்காரர் மேல் தீ விழுவதையும், சுருண்டு கிடந்தவர் தலைகீழாக மேலே இழுக்கப்பட்டு அவர் மேல் தண்ணீர் கொட்டுவதையும் பார்த்திருப்பார்.

நண்பரைக் குற்றம் சொல்ல முடியாது. 'வீடியோ' என்ற சொல்தான் அவரை ஏமாற்றியது. சினிமா, சீரியல், ரீல்ஸ் என நமக்குத் தெரிந்த வீடியோ எல்லாமே "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வியில் ஓடுபவை. வீடியோ கலையிடம் அதே கேள்வியைக் கேட்டால் பதில் வராது. "புரியல", "சும்மா படம் காட்டுறாங்க", "இதுக்குப் பேர் கலையா" என்று வெளியே வருகிற பேச்சில் பாதி, தப்பான கேள்வியோடு உள்ளே போனதால் வருவதுதான். (மீதிப் பாதி, படைப்பே சுமார் என்பதால் வருகிறது. அதுவும் உண்டு.)

வீடியோ கலை பெரிய கடல். அதில் மனித உருவத்தை, அதாவது உடம்பையும் முகத்தையும், பார்க்கிற படைப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருபவருக்கு அதுதான் நல்ல வாசல்.

## கல்யாண வீடியோவின் ஐந்து நொடி

கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கைத் திருப்பி நம் குடும்பத்தின் மேல் பிடிக்கும்போது என்ன செய்கிறோம்? போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்கிறோம். கையைக் கட்டி, உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு. ஆனால் கேமரா நகர மாட்டேன் என்கிறது. மூன்றாவது நொடியில் சிரிப்பு களைத்துப்போகிறது. சித்தப்பாவின் கண் பக்கவாட்டில் ஓடுகிறது. அத்தை முந்தானையைச் சரிசெய்கிறார். குழந்தை மட்டும் அப்படியே லென்ஸை முறைத்துக்கொண்டிருக்கிறது.

கதை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஐந்து நொடி, ஆல்பத்தில் இருக்கும் நூறு போட்டோக்களை விட அந்தக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது. போட்டோவில் நாம் காட்ட நினைத்த முகம் மட்டும் இருக்கும். இதில் அந்த முகத்தைத் தாங்கிப் பிடிக்க நாம் படும் பாடும் சேர்ந்து பதிவாகிறது.

அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹால் 1964 முதல் 1966 வரை இதையே ஒரு சோதனைபோலச் செய்து பார்த்தார். நியூயார்க்கில் தன் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேமரா முன் உட்காரவைத்து, அசையாமல் இருக்கச் சொன்னார். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படச்சுருள். திரையிடும்போது வேகத்தைக் குறைத்து நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடவைத்தார். உட்கார்ந்தவர் முதலில் ஜம்மென்று இருப்பார். பிறகு கண்ணில் நீர் கோர்க்கும், தொண்டை ஏறி இறங்கும், கெத்து கலையும். கணக்குப்படி இது ஃபிலிம், வீடியோ அல்ல. ஆனால் பின்னால் வந்த வீடியோக்காரர்களுக்கு இவர் தாத்தா முறை.

வீடியோ கலை என்பதை இனி இப்படி வைத்துக்கொள்வோம்: ஓவியர் வண்ணத்தை வைத்து வேலை செய்வதுபோல, ஓடும் படத்தையும் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் வைத்துச் செய்யப்படும் கலை. கதை சொல்வது அதன் கட்டாய வேலை அல்ல.

## ஜவுளிக்கடை டிவியில் பார்த்த வழுக்கை

ஒருமுறை ஜவுளிக்கடையில் பில் போட நின்றிருந்தேன். கல்லாவுக்கு மேலே சிசிடிவி திரை, அதில் நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்தில் உச்சந்தலை வழுக்கையோடு, லேசாகக் கூன் போட்டு ஒருவர் நிற்கிறார். 'பாவம், நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கவலைப்படுகிறார்போல' என்று நினைத்தபடி தலையைச் சொறிந்தேன். அவரும் சொறிந்தார்.

கண்ணாடியில் நம்மை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஆனால் கண்ணாடி நம் சொல்பேச்சு கேட்கும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள நேரம் கொடுக்கும். சிசிடிவி பின்னாலிருந்து, மேலிருந்து, நமக்குத் தெரியாத ஒரு ஆளைக் காட்டுகிறது. அந்த ஆள் நாம்தான்.

இந்த அதிர்ச்சியைத்தான் 1970இல் புரூஸ் நாவ்மன் என்ற அமெரிக்கர் ஒரு படைப்பாகக் கட்டினார். 'கட்டினார்' என்பது சரியான சொல், ஏனென்றால் அது ஒரு நடைவழி. அரை மீட்டர்தான் அகலம், பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். கடைசியில் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு டிவி பெட்டிகள். ஒன்றில் அந்த நடைவழி காலியாக இருந்தபோது எடுத்த பழைய பதிவு. மற்றதில் இப்போது நடப்பது நேரலையாக. கேமரா எங்கே இருக்கிறது? நுழைவாசலுக்கு மேலே, நமக்குப் பின்னால். ஆக, டிவியில் யார் என்று பார்க்க நெருங்கிப் போகப்போக நாம் கேமராவை விட்டு விலகுகிறோம். திரையில் நம் முதுகு சின்னதாகிக்கொண்டே போகிறது. நெருங்கினால் தொலைகிறோம். அவ்வளவுதான் படைப்பு. நடிகர் யாரும் இல்லை, உள்ளே போன நீங்கள்தான்.

இதற்குப் பின்னால் உள்ள ஏற்பாட்டுக்கு குளோஸ்டு சர்க்யூட் என்று பெயர். கேமரா பிடிப்பது வெளியே எங்கும் ஒளிபரப்பாகாமல், அதே இடத்தில் இருக்கும் திரைக்கு நேராகப் போய்விடும். கடை சிசிடிவியும் அதே.

கொரியாவில் பிறந்த 'நாம் ஜூன் பைக்' என்ற கலைஞர் 1974இல் இதே ஏற்பாட்டின் முன் ஒரு புத்தர் சிலையை உட்காரவைத்தார். புத்தர் டிவி பார்க்கிறார், டிவியில் அதே புத்தர். சிலை அசையாது, படமும் அசையாது. ஆனால் அது நேரலை. நிமிடத்துக்கு நிமிடம் புதிதாக வந்துகொண்டிருக்கும் படம், மாறாமலே இருக்கிறது. எனக்கு இதைப் பற்றி நினைத்தாலே சிரிப்பு வரும், அப்புறம் கொஞ்ச நேரம் சிரிப்பு போய்விடும்.

அதே 1974இல் டான் கிரஹாம் ஒரு படி மேலே போனார். முகம் பார்க்கும் கண்ணாடியையே சுவராகக் கொண்ட அறை, ஒரு கேமரா, ஒரு திரை. ஆனால் திரையில் வருவது எட்டு நொடிக்கு முந்தைய நாம். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அந்தத் திரையும் தெரிகிறது, அதையும் கேமரா பிடிக்கிறது. எனவே திரைக்குள் ஒரு திரை, அதில் பதினாறு நொடிக்கு முந்தைய நாம். அதற்குள் இன்னொன்று, இருபத்து நான்கு நொடி. கண்ணாடியில் இப்போதைய நான், திரையில் சற்று முந்தைய நான்கள் வரிசையாக.

## ஏன் முதலில் உடம்பையே எடுத்தார்கள்?

காரணம் ரொம்ப சாதாரணம். 1960களின் கடைசியில் தோளில் மாட்டிக்கொள்ளும் வீடியோ கருவி விற்பனைக்கு வந்தது. சோனியின் போர்டாபேக் 1967இல். அதற்கு முன் ஃபிலிமில் எடுத்தால் லேபில் கழுவி வந்த பிறகுதான் எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். வீடியோவில் எடுக்கும்போதே பக்கத்துத் திரையில் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, அதே நாடாவில் மறுபடி எடுக்கலாம். ஸ்டூடியோவில் தனியாக இருக்கும், கையில் காசில்லாத இளம் கலைஞருக்கு, சம்பளம் கேட்காத மாடல் ஒருவர்தான் உண்டு: அவரே.

1971இல் விட்டோ அகான்சி, திரையில் தெரியும் தன் உருவத்தின் நட்டநடுவைக் குறிபார்த்து விரலை நீட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தார். அவர் தன்னைச் சுட்டுகிறார். பார்க்கும் நமக்கோ விரல் நம்மைச் சுட்டுகிறது. நேரம் போகப்போகக் கை வலிப்பது தெரிகிறது.

பழைய டிவியில் படம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே போகும், பெட்டிக்குப் பின்னால் உள்ள குமிழைத் திருகி நிறுத்துவோம். தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜோன் ஜோனஸ் 1972இல் அந்தக் கோளாறை வேண்டுமென்றே விட்டுவைத்தார். படம் உருள, நடுவே கறுப்புப் பட்டை வந்துபோக, அவருடைய உடம்பு துண்டுதுண்டாகத்தான் தெரியும். முழுப் பெண்ணை ஒருபோதும் பார்க்க முடியாது. டிவியும் விளம்பரமும் பெண்ணுடலை எப்படிக் காட்டுகின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதுவரை வந்ததைக் கோர்த்துக்கொண்டால்: வீடியோ கலையில் கேமரா முதலில் ஒரு விசித்திரக் கண்ணாடியாக வந்தது. அதன் முன் நின்றது கலைஞர், அல்லது பார்க்க வந்த நாம். மற்றவர்களை நிறுத்தி, அவர்களின் நேரத்தை இழுத்துப் பார்ப்பது அடுத்த கட்டம்.

## ஒரு மாத்திரையை இழுப்பது

நம் இலக்கணத்தில் கண்ணிமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. காலத்தை அளக்க நம் ஆட்கள் உடம்பைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வயோலா செய்ததை விளக்க எனக்கு இதுதான் வசதி.

பள்ளி நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் பொம்மை வரைந்து சரசரவென்று புரட்டியிருப்பீர்கள், பொம்மை ஓடும். ஓடும் படம் எல்லாமே அதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம்.

இப்போது கணக்கு. வயோலா 1995இல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் 'முகமன்' என்று சொல்லத்தக்க ஒரு படைப்பை வைத்தார். தெருவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு கர்ப்பிணிப் பெண் வருகிறார், ஒருத்தியை அணைத்துக் காதில் ஏதோ சொல்கிறார். மற்றவர் பக்கத்தில் நிற்கிறார். இது நடந்து முடிய 45 நொடி. ஆனால் நொடிக்கு 300 ஃபிரேம் வேகத்தில் எடுத்தார். 45 பெருக்கல் 300, ஆக 13,500 ஃபிரேம். அதை சினிமா வேகத்தில் புரட்டினால் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அவர் காட்டியது ஏறக்குறைய பத்து நிமிடம்.

இங்கே ஒரு பொதுவான குழப்பம். "எந்த வீடியோவையும் மெதுவாக ஓட்டினால் இதுதானே?" இல்லை. சாதாரணமாக எடுத்த படத்தை மெதுவாக ஓட்டினால், இருக்கிற 24 பக்கங்களையே நேரம் பிடித்துப் புரட்டுகிறோம். இடையில் நடந்தது எதுவும் அதில் இல்லை, அதனால் படம் திக்கும். 300 பக்கம் வரைந்திருந்தால், சாதாரணக் கண்ணுக்கு எட்டாத இடைநிலைகளும் உள்ளே இருக்கும். முன்னது நீட்டுவது, பின்னது நிரப்புவது. அந்தக் காலத்து வீடியோ கேமராவுக்கு இது கைவராது என்பதால், வீடியோ கலைஞர் என்று பேர் வாங்கியவர் இதை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்துத்தான் வீடியோவுக்கு மாற்றினார்.

ஒரு இமைப்பு மூன்றில் ஒரு பங்கு நொடி என்று வைத்தால், பன்னிரண்டு மடங்கு இழுத்ததும் நான்கு நொடி. இமை இறங்குவதையும் ஏறுவதையும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் முக்கியமானது வேறு. நிஜ வேகத்தில் அந்த ஒதுங்கி நிற்கும் பெண்ணைப் பார்த்தால் 'சிரித்தாள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இழுத்துப் பார்த்தால் சிரிப்புக்கு முன்னால் ஒரு குழப்பம், அதற்குப் பின்னால் லேசான அவமானம், அதை மூடத்தான் அந்தச் சிரிப்பு என்று வரிசை தெரிகிறது. 'சிரிப்பு' என்ற பெயர்ப்பலகை கழன்று விழுகிறது.

இந்தப் படைப்புக்கு மூலம் ஒரு ஓவியம். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பக்கம் கார்மிஞானோ என்ற ஊரின் தேவாலயத்தில், பொன்டோர்மோ 16ஆம் நூற்றாண்டில் வரைந்தது: கருவுற்ற மரியாள் (இயேசுவின் தாய்) தன் உறவினர் எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சி. ஓவியர் ஒரு கணத்தை நிறுத்தினார். வயோலா அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கதவைத் திறந்துவிட்டார்.

பிறகு அவர் இதையே ஒரு தொடராக எடுத்துச் செய்தார். 1998இல் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில், உணர்ச்சிகளை ஓவியம் எப்படிக் காட்டுகிறது என்று படித்தவர், 2003இல் அங்குள்ள கெட்டி அருங்காட்சியகத்தில் ஒரு முழுக் கண்காட்சி வைத்தார். அது பிறகு லண்டன் நேஷனல் கேலரிக்கும் போனது. அதில் ஒன்றில் ஐந்து பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு தனி அலை ஏறி இறங்குகிறது. ஒரு நிமிடம் போல நடந்தது, கால் மணி நேரம் ஓடுகிறது. ஒலி கிடையாது.

சரி, எதை மெதுவாக ஓட்டினாலும் ஆழமாகத்தானே தெரியும்? ஆமாம், அதுதான் இதன் ஆபத்து. நம் கதாநாயகர் லாரியிலிருந்து இறங்குவதை ஸ்லோமோஷனில் காட்டும்போது, அந்த மெதுவே 'விசிலடி' என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. நல்ல வீடியோ கலை அப்படி எதையும் சொல்லாது. வயோலாவும் எல்லா நேரமும் தப்பித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சில படைப்புகளில் நடிகர்களின் அழுகை நடிப்பாகவே தெரிகிறது, அதைப் பன்னிரண்டு மடங்கு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: ஃபிரேமைக் கூட்டினால் நேரம் நிரம்புகிறது, நிரம்பிய நேரத்தில் முகம் ஒரே உணர்ச்சியாக நிற்பதில்லை.

## "யூடியூபில் பார்த்தால் போதாதா?"

போதாது. வீம்புக்குச் சொல்லவில்லை, அளவு ஒரு காரணம். ஆள் உயரத்தில், ஆள் நிற்கிற மாதிரி நெட்டுக்குத்தான திரையில் ஒரு உருவம் இருந்தால், நம் உடம்பு அதை இன்னொரு ஆளாக எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் விலகி நிற்கிறோம். அதே உருவம் ஃபோனில் உள்ளங்கை அளவில் வந்தால் பொம்மை.

அறையும் படைப்பின் பகுதி. இப்படித் திரை, ஒலி, இருட்டு, நடக்கும் வழி எல்லாவற்றையும் சேர்த்து ஓரிடத்தில் அமைப்பதை இன்ஸ்டலேஷன் என்பார்கள், தமிழில் நிறுவல். கேரி ஹில் 1992இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் வைத்தது நல்ல உதாரணம். நீண்ட இருட்டு நடைவழி. சுவரில் தூரத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மனிதர்கள். நீங்கள் நெருங்குவதை ஒரு சுவிட்ச் உணர்ந்ததும், அவர்களில் ஒருவர் எழுந்து உங்களை நோக்கி நடந்து வருகிறார். ஆள் உயரத்துக்கு வந்து எதிரே நின்று பார்க்கிறார். ஒன்றும் பேசாமல் சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். வேறு வெளிச்சமே இல்லை, அந்த உருவங்களின் வெளிச்சத்தில்தான் வழி தெரியும். இதை யூடியூபில் எப்படிப் பார்ப்பது? அங்கே யாரும் உங்களைப் பார்த்து எழுந்து வர மாட்டார்கள்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை எப்படி விற்பார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். காப்பி எடுப்பது சுலபம் என்பதால், கலைஞரே 'இத்தனை பிரதிகள்தான்' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கையில் நிறுத்திக்கொள்வார். வாங்கும் அருங்காட்சியகத்துக்குப் பதிவோடு ஒரு சான்றிதழும், எந்த அளவு அறை, எவ்வளவு இருட்டு என்ற குறிப்பும் வரும்.

## உள்ளே போகும்போது

பாதியில் நுழைவது பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலும் படம் லூப்பில் ஓடும், அதாவது முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து தொடங்கும். பிராகாரம் சுற்றுவதுபோல எங்கே தொடங்கினீர்களோ அங்கே திரும்பி வந்தால் ஒரு சுற்று. வாசலில் உள்ள பலகையில் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் என்றால் முழுச் சுற்றும் நில்லுங்கள். ஒரு மணி நேரம் என்றால் மனம் சொல்வதைக் கேளுங்கள், யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. முதல் இரண்டு நிமிடம் சலிப்பாக இருக்கும். அது கண் தன் அவசரத்தைக் கழற்றிவைக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

சில அறைகளுக்குள் போகும் முன் பலகையை முழுக்கப் படித்துவிடுங்கள். வயோலா 1992இல் செய்த ஒன்று, ஃபிரான்ஸின் நான்ட் நகரின் பெயரைக் கொண்டது. பழைய தேவாலய ஓவியங்களைப் போல மூன்று பகுதிகள். இரு பக்கத் திரைகளிலும் நடிகர்கள் இல்லை. இடப்பக்கத் திரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நடக்கிறது. வலப்பக்கத்தில் நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் வயோலாவின் தாய், சாகும் தறுவாயில். நடுவே தண்ணீருக்குள் ஆடையோடு மிதக்கும் ஓர் ஆண். ஆறு வயதில் ஏரியில் மூழ்கிப் பிழைத்தவர் வயோலா. பயமே இல்லாத, அழகான ஓர் உலகமாகத்தான் அது நினைவில் நின்றது என்று சொல்லிவந்தவர்.

அரை மணி நேரம் போல ஓடுகிறது. ஒரு பக்கம் முனகல், ஒரு பக்கம் மூச்சு, நடுவே தண்ணீர்ச் சத்தம். குழந்தை வெளியே வருகிறது. அம்மா போகிறார். இதுவும் லூப்தான். மூன்று திரைகளும் முதலிலிருந்து தொடங்குகின்றன. குழந்தை இன்னும் பிறக்கவில்லை, அம்மாவுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.